நான்காவது ஆளாக ஒரு கல்

கார் என்னைக் கடந்து போனபோது நான் வீதியோரப் புல்லில் தலையைக் குனிந்தபடி நடந்துகொண்டிருந்தேன். முன் இருக்கையில் இருந்த மன்னார் அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஒரு காரியத்துக்குப் புறப்பட்டவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது. அவரும் கார் ஓட்டியவரும் வேலை கேட்டுச் சில்க்போர்க் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சற்று முன்புவரை நானும் அந்தக் காருக்குள்தான் இருந்தேன். சிவப்புப் பின்விளக்குகள் பனிமூட்டத்துக்குள் மங்கி, பிறகு இல்லாமல் போயின.

என் ஜக்கெற் பையில் ஒரு கல் கிடந்தது. பெரிய உருளைக்கிழங்கு அளவு இருக்கும். நடக்க நடக்கத் தொடையில் இடித்தது. எறிந்துவிட்டு நடந்திருக்கலாம். எறியத் துணிவு வரவில்லை.

நாங்கள் இருந்த வீடு பின்பக்கம், இக்காஸ்ட் என்ற ஊரில் இருந்தது. புத்தியுள்ளவன் வீட்டுப்பக்கம் நடந்திருப்பான். பெப்ரவரி மாதக் குளிர் சப்பாத்தின் அடியால் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த ஊர் எவ்வளவு தூரத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டுப்பக்கம் நடந்தால் முயல் குறுக்கே ஓடிய இடத்தை இன்னொரு தடவை கடக்கவேண்டும். அதனால் முன்னோக்கி நடந்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த பெரிய முடிவு ஒன்றை ஒரு முயலுக்குப் பயந்துதான் எடுத்தேன்.

அந்த வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மன்னார் அண்ணை எங்களில் மூத்தவர், கத்தோலிக்கர். கார் வைத்திருந்தவர் மட்டக்களப்புக்காரர். அவரை நாங்கள் கார்க்காரர் என்றே கூப்பிட்டோம். மேல் அறையில் ஓர் அண்ணை இருந்தார். அவர் அதிகம் பேசமாட்டார். நான்காவது ஆள் நான். நான்கு பேருமே கல்யாணம் முடித்தவர்கள். நான்கு பேரின் குடும்பங்களும் ஊரிலேயே, போருக்குள் இருந்தன. அகதி என்று ஏற்றுக்கொள்ளப்பட்டதும் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டோம். எங்களுக்கு முன் வந்தவர்களுக்குச் சில மாதங்களில் விசா கிடைத்தது. எங்கள் முறை வந்தபோது எல்லாம் நின்றுவிட்டது. ஓம் என்றும் பதில் இல்லை, இல்லை என்றும் பதில் இல்லை. அங்கே குண்டு விழுந்துகொண்டிருந்தது.

கோப்புகளை அசைக்கவேண்டாம் என்று மேலிடத்திலேயே முடிவு செய்திருந்தார்கள் என்பதும், அதனால் ஓர் அரசாங்கமே விழப்போகிறது என்பதும் பிறகு தெரிந்தவை. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தபால்காரரின் மஞ்சள் சைக்கிள் வீட்டு வாசலில் நிற்காமல் போகிறது என்பது மட்டும்தான். அதற்கு நாங்களே காரணம் கண்டுபிடித்தோம்.

ஒரு காரணம் ஹொல்ஸ்டெப்ரோ என்ற இன்னொரு நகரத்திலிருந்து வந்தது. அங்கே ஒருவருக்கு வேலை கிடைத்ததாம், கிடைத்துக் கொஞ்ச நாளில் மனைவிக்கு விசா வந்ததாம். ஆகவே வேலை இருந்தால் கோப்பு அசையும். இன்னொருவர் சொன்ன கதையில், அதே ஹொல்ஸ்டெப்ரோவில் ஒருவர் வீடு மாறினார், அவருடைய கோப்பு அடியில் போய்விட்டது. ஆகவே வீடு மாறக்கூடாது. இந்த இரண்டு பேரையும் எங்களில் யாரும் கண்டதில்லை. ஆனாலும் அவர்கள் சொற்படிதான் நாங்கள் வாழ்ந்தோம்.

வீடு மாறக்கூடாது என்றது எனக்குத்தான் பெரிய தண்டனை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து நான் ஓரிடத்தில் நிலைத்ததில்லை. கொழும்பில் சாப்பாட்டுக்கடை, புத்தளத்தில் உப்பளம், பிறகு கப்பல், பிறகு கிழக்கு பேர்லின் வழியாக டெனிஸ்காரரின் இந்த நாடு. ஓர் ஊர் அலுத்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். இக்காஸ்டில் அது முடியவில்லை. பையைத் தூக்கினால் கோப்பு விழுந்துவிடும்.

மற்றக் காரணம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மேல் அறை அண்ணை, விசா எப்படியும் வரும் என்ற நம்பிக்கையில், பழைய சாமான் கடையொன்றில் மகனுக்கு ஒரு சின்னக் கட்டில் வாங்கியிருந்தார். நீல நிறம். கார்க்காரரும் நானும்தான் அதை மாடிக்குத் தூக்கிக்கொடுத்தோம். அதன் பிறகு, அந்த மாதத்துக்குள்ளேயே, மகன் செல் குண்டு விழுந்து செத்துப்போனான் என்ற செய்தி வந்தது. கட்டிலுக்கும் செல்லுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் குடும்பத்துக்கென்று ஒரு கரண்டிகூட வாங்கவில்லை. கட்டிலைப் பலகை பலகையாகக் கழற்றி அண்ணை தன் அறைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தார். அறையைக் கூட்டப் போகிறவர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் கூட்டுவோம்.

இவற்றைவிட ஒவ்வொருவருக்கும் தனிச் சட்டங்களும் இருந்தன. என் மனைவி அனுப்பிய கசெற் ஒன்றில் மகளின் குரல் இருந்தது. நான் வரும்போது அவள் கைக்குழந்தை. கசெற்றில் அவள் ஏதோ பாட்டுப் போல ஒன்றை இழுத்து இழுத்துச் சொல்வாள். அவள் சொல்லி முடிக்கும் முன் நான் ஒருநாளும் கசெற்றை நிறுத்தியதில்லை. கதவு தட்டினாலும் சோறு கருகினாலும் நிறுத்தமாட்டேன். குரலைப் பாதியில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்று எனக்கு நானே சொன்னதில்லை. சொல்லவும் பயம்.

இந்த நிலையில்தான் கார்க்காரர் ஒரு செய்தி கொண்டுவந்தார். சில்க்போர்க்கில் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், காலையில் நேரே வந்து மேற்பார்வையாளரைப் பார்க்கச் சொன்னார்கள். அவரும் மன்னார் அண்ணையும் போவதாக இருந்தது. விடியக் காலையில் நானும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து நின்றேன்.

மன்னார் அண்ணை என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "மூண்டு பேராய்ப் போனா காரியம் நடக்காதடாப்பா."

"அண்ணை, நீங்கள் வேதக்காரர். உங்களுக்கென்ன மூண்டும் நாலும்?"

"வேதக்காரனெண்டா? மன்னாரில பொம்பிளை பாக்க மூண்டு பேராய்ப் போவினமோ? அது வேற, இது வேற."

"நிண்டு வாக்குவாதப்படாதீங்க," என்றார் கார்க்காரர். "ஒரு கல்ல எடுத்துப் பின்னுக்கு வையுங்க. நாலாவது ஆள். எங்கட பக்கமும் அதுதான் செய்யிற."

வேலியோரத்தில் ஒரு கல்லை எடுத்து, மண்ணைத் தட்டி, பின் இருக்கையில் என் பக்கத்தில் வைத்தேன். "பொலிஸ் மறிச்சா இவருக்கு என்ன பேர் சொல்லுறது?" என்று கேட்டேன்.

"நக்கலடியாத," என்றார் மன்னார் அண்ணை. சிரிக்கவில்லை. அவருடைய மனைவியும் மூன்று பிள்ளைகளும் மன்னாரில் இருந்தார்கள். கடைசியாகக் கடிதம் வந்து கனகாலம்.

ஊரைத் தாண்டியதும் பனிமூட்டம் கட்டியது. இரண்டு பக்கமும் ஊசியிலை மரக் காடு, நடுவில் எங்கள் வெளிச்சம் விழுகிற துண்டு வீதி. அந்தத் துண்டுக்குள் ஒரு முயல் பாய்ந்தது. நம் ஊர் முயல் இல்லை, நீளக் கால் வைத்த பெரிய முயல். நடுவில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு இடப்பக்கமிருந்து வலப்பக்கம் ஓடியது. கார்க்காரர் பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தினார்.



"முயல்தானே," என்றேன்.

"முயலெண்டா குறுக்கால ஓடேல்லையோ?" என்றார் மன்னார் அண்ணை.

"பூனைக்குத்தான் அது. முயலுக்கு ஒருநாளும் நான் கேள்விப்படேல்லை."

"இந்த நாட்டில பூனையெல்லாம் வீட்டுக்குள்ள கட்டில்ல படுத்துக் கிடக்குது. வீதிக்கு எங்க வருது? இங்க முயல்தான் பூனை."

  கார்க்காரர்தான் கடைசியில் சொன்னார், "சரி, வேற ஆரும் முதல்ல கடக்கட்டும். பேந்து நாம போவம்."

ஊரில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். பூனை குறுக்கே போனால் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு நிற்போம். பின்னால் வருகிறவன் விஷயம் தெரியாமல் கடந்து போவான். இருக்கிற பீடை அவனோடு போய்விடும். அங்கே அதற்கு ஒரு நிமிடம் போதும். இங்கே காட்டுக்கு நடுவில், மூட்டத்துக்குள், வீதியின் நடுவில் காரை நிறுத்தி வைத்துக்கொண்டு யாரோ ஒருவன் வந்து எங்களுடைய கெட்டதை எடுத்துப் போகட்டும் என்று காத்திருந்தோம். பெற்றோல் வீணாகும் என்று எஞ்சினையும், பற்றறி பழையது, இறங்கிவிடும் என்று விளக்கையும் கார்க்காரர் அணைத்தார். மூன்று வளர்ந்த ஆண்கள். எங்களில் ஒருவருக்கும் அது பைத்தியக்கார வேலை என்று தோன்றவில்லை. முயலுக்குத்தான் பயந்தோம்.

முதலில் சத்தம்தான் கேட்டது. பின்னாலிருந்து, கனமான எஞ்சின் சத்தம். கார்க்காரர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது, பிடிக்கவில்லை. மூட்டம் முழுவதும் மஞ்சளாக மாறியது. நான் அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டேன். ஏன் கல்லை என்று கேட்டால், பிடிக்க வேறு எதுவும் கைக்கு வரவில்லை. ஊதுகிற ஒலி, ரயர் உரசுகிற ஒலி, பிறகு காரின் பக்கவாட்டில் ஓர் அறை விழுந்தது. கண்ணாடித் துண்டுகள் உள்ளே தெறித்தன. கார் ஒரு பக்கமாக ஆடி நின்றது.

கண்ணைத் திறந்தபோது லொறி எங்களைத் தாண்டிப் போய், முன்னால் வீதியோரத்தில் சரிந்து நின்றது. கார்க்காரர் பக்கத்தில் வெளியே நீட்டியிருந்த கண்ணாடியை அது பிய்த்துக்கொண்டு போயிருந்தது, யன்னல் கண்ணாடியும் நொறுங்கியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

மன்னார் அண்ணை சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல்: "கடந்திட்டான்."

லொறிச் சாரதி மரச் சப்பாத்துப் போட்ட காலோடு ஓடிவந்தார். முகம் சுண்ணாம்பு போல இருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் யன்னலுக்குள் தலையை நுழைத்து, யாருக்காவது காயமா, வண்டி பழுதா என்று கேட்டார். மூவரில் நான்தான் கொஞ்சம் டெனிஸ் பேசுவேன். பல இடத்தில் அலைந்தவனுக்கு மொழி ஒட்டும். ஆனால் இதை எப்படிச் சொல்வது? "முயல்," என்றேன். அந்த ஒரு சொல்லுத்தான் வந்தது.

அவர் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். முயலை அடித்துவிட்டோம், அதனால் மனம் தாங்காமல் நிற்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

"அது ஓடிவிட்டது," என்றேன்.

"நல்லது," என்றார். பிறகு புல்லில் உட்கார்ந்து சிகரெட் சுற்றினார். புகையிலைத் தூள் எல்லாம் மடியில் கொட்டியது. தன் வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். எங்களிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா தெரியாது. எழுந்துபோய், லொறியில் அடுக்கியிருந்த பலகையில் விரல் முட்டியால் மூன்று தரம் தட்டினார். தட்டும்போது, "ஏழு, ஒன்பது, பதின்மூன்று," என்றார்.

"என்னவாம்?" என்று மன்னார் அண்ணை கேட்டார்.

"இலக்கம் சொல்லுறார். ஏழு, ஒன்பது, பதின்மூண்டு."

"என்னத்துக்கு?"

"தெரியேல்ல அண்ணை."

கார்க்காரர் யோசித்துவிட்டு, "எல்லாம் ஒற்றை இலக்கம். நல்லதுதான்," என்றார். கெட்டது வராமல் இருக்க இந்த நாட்டவர் மரத்தில் தட்டிச் சொல்வது அது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

லொறி போனது. காரும் ஒருவழியாகப் பிடித்தது. முயல் ஓடிய இடத்தைக் கடந்து சற்றுத் தூரம் போனதும் கார்க்காரர் மறுபடி ஓரமாக நிறுத்தினார். மன்னார் அண்ணை முன்னுக்குப் பார்த்தபடியே இருந்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லு ஆளாகாது. நாங்கள் மூன்று பேர்தான், மூன்றாவது நான். வேலை கிடைக்காவிட்டால் அது என்னால். அவருடைய பிள்ளைகளின் கோப்பு அசையாவிட்டால் அதுவும் என்னால்.

"தம்பி, குறை நினையாத," என்றார்.

"இல்லை அண்ணை. நான் இறங்கிறன்."

"பஸ் வரும். கையைக் காட்டினா நிப்பாட்டுவான்."

இறங்கிக் கதவைச் சாத்தப் போனேன். "கல்லையும் கொண்டு போ," என்றார். "நீ இறங்கினா நாங்கள் ரெண்டு. கல்லு இருந்தா பேந்தும் மூண்டு."

அப்படித்தான் கல் என் பைக்குள் வந்தது.

மூட்டத்துக்குள் நடப்பவனுக்குத் தன் காலடியைத் தவிர வேறு துணை இல்லை. ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் காட்டோரம் ஒதுங்கினேன். லொறி இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் வந்திருந்தால் என்று யோசித்தேன். அங்கே செல்லுக்குள் இருக்கிறவர்களுக்கு, இங்கே முயலுக்குப் பயந்து மூன்று பேர் லொறியில் அடிபட்டுச் செத்தார்கள் என்று செய்தி போயிருக்கும். மனைவி என்ன காரணம் கண்டுபிடித்திருப்பாள்? அவளிடமும் சட்டங்கள் இருந்திருக்கும். நான் வெளிக்கிட்ட அன்றைக்கு வீட்டில் என்ன கிழமை, யார் எதிரே வந்தது, எல்லாவற்றையும் கிண்டிப் பார்த்திருப்பாள். அப்படி நினைக்க, காலை எட்டிப் போட்டேன்.

காடு முடிந்து சில வீடுகள் வந்தன. வீதியோரத்தில் சிவப்பு நிறம் அடித்த நீளமான பட்டறை. அதன் முற்றத்தில் அதே லொறி நின்றது. சாரதி பலகை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை உயர்த்தி, உள்ளே யாரிடமோ உரத்துச் சொன்னார்: "முயல்காரன் வாறான்!"

உள்ளேயிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பட்டறை முதலாளியும் அவருடைய தம்பியும். இருவருக்கும் புருவத்தில் மரத்தூள். முதலாளி சிரித்தபடி ஒரு கோப்பையில் கோப்பி ஊற்றி நீட்டினார். வாங்கிக்கொண்டு, திறந்த கதவு வழியாக உள்ளே பார்த்தேன். வெள்ளைப் பெயின்ற் அடித்த பெட்டிகள் வரிசையாக இருந்தன. தலைமாட்டில் அகன்று கால்மாட்டில் ஒடுங்கிய பெட்டிகள். என் கால் தானாகப் பின்னுக்குப் போனது.

சவப்பெட்டி செய்கிற இடம். லொறிச் சாரதி தட்டிய பலகை அதற்குத்தான் வந்திருந்தது.

கோப்பியைச் சூட்டுக்காகக் கையில் வைத்திருந்தேன். குடிக்கவில்லை. சாவுள்ள இடத்தில் வாயில் எதையும் வைக்கக்கூடாது. ஆறியதும் யாரும் பார்க்காமல் புல்லில் ஊற்றினேன். முதலாளி எங்கே போகிறாய் என்று கேட்டார். வேலை தேடி என்றேன். வேறு என்ன சொல்வது? துணி வேலை தெரியுமா என்று கேட்டார். வந்த புதிதில் இக்காஸ்டில் கொஞ்சநாள் தையல் தொழிற்சாலையில் வேலை செய்திருக்கிறேன், மடிப்பேன், வெட்டுவேன் என்றேன். பெட்டிக்கு உள்ளே வெள்ளைத் துணி பிடிக்கிற ஆளுக்கு முதுகு போய்விட்டது, ஆறு மாதமாவது வரமாட்டான் என்றார்.

"நாளைக் காலை வா," என்றார். "விருப்பமில்லை என்றால் வராதே. பலபேருக்கு விருப்பமில்லை. எனக்கு அது விளங்கும்."

யன்னலுக்குக் கீழே இரண்டு சின்னப் பெட்டிகள் இருந்ததை அப்போதுதான் கண்டேன்.

பஸ்ஸில் திரும்பினேன். முயல் ஓடிய இடம் வரும்போது கண்ணை மூடிக்கொண்டேன். பஸ் நிறைய ஆட்கள். இருக்கிற கெடுதி பங்கு பிரிந்துவிடும் என்று ஓர் ஆறுதல்.

மாலையில் கார்க்காரரும் மன்னார் அண்ணையும் வந்தார்கள். வாசலிலேயே சிரிப்புக் கேட்டது. இரண்டு பேருக்கும் வேலை.

"பாத்தியே?" என்றார் மன்னார் அண்ணை, என் தோளில் தட்டி. "ரெண்டு பேராய்ப் போனபடியால்தான். நீ இறங்கினதாலதான் எங்களுக்குக் கிடைச்சது. உனக்குப் புண்ணியம்."

"எனக்கும் ஒண்டு கிடைச்சிருக்கு," என்றேன்.

"எங்க?"

"வழியில. பெட்டி செய்யிற இடம்."

"என்ன பெட்டி?"

"ஆக்களை வைக்கிற பெட்டி."

கார்க்காரர் கறிச் சட்டிக்குள் கரண்டியை விட்டுவிட்டார். மன்னார் அண்ணை என் தோளிலிருந்து கையை எடுத்தார். எடுத்த கையைத் துடைக்கவில்லை, ஆனால் எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருந்தார்.

"உனக்கு விசரே? பெண்சாதி பிள்ளை அங்க செல்லுக்குள்ள கிடக்குது. நீ இங்க இருந்து பெட்டி அடிக்கப் போறியோ?"

"அடிக்கிறது அவையள். நான் உள்ளுக்குத் துணி பிடிக்கிறது."

"துணியாம்! அதைத் தொட்ட கையால இஞ்ச வந்து சோறு போடுவியோ?"

"வேலை கிடைச்சாத்தான் கோப்பு அசையும் எண்டு நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள். அந்த ஹொல்ஸ்டெப்ரோ ஆளுக்கு…"

"அவன் கோழி வெட்டிற இடத்தில. இதிலயில்லை."

"நீங்கள் அவரைக் கண்டனீங்களே?"

"கண்டவனைக் கண்டனான்!"

கார்க்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "விட்டுடுங்க மனே," என்றார் என்னிடம். "வேற வேல வரும். இது வேணாம்."

மேல் அறை அண்ணை தொட்டியடியில் நின்று உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அவர் அங்கே நிற்பதை நாங்கள் மூவரும் மறந்துவிட்டோம். திரும்பாமலே கேட்டார்:

"சின்னப் பெட்டியும் செய்வினமோ?"

கார்க்காரர் அடுப்பைத் தணித்தார்.

"தெரியாது அண்ணை," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தார். தோல் நீளமாக, அறுந்துபோகாமல் இறங்கியது.

என் அறைக்குப் போய்க் கட்டிலில் இருந்தேன். போகாமல் விட்டால் ஒரு வேலையை நானே தள்ளினவன் ஆவேன். கோப்பு அசையாமல் கிடந்தால் அதற்கு நான் காரணம். போனால் கெட்டதைத் தேடிப் போனவன் ஆவேன். அங்கே ஏதாவது நடந்தால் அதற்கும் நான் காரணம். இரண்டு பக்கமும் மகள்தான் நின்றாள். கசெற்றைப் போடவில்லை. அவள் குரலைக் கேட்டால் எந்தப் பக்கமும் அசையமாட்டேன் என்று தெரியும்.

அப்போது ஓர் ஆளின் நினைவு வந்தது. ஊரில் எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரி வீதியில் ஒருவர் சவப்பெட்டி செய்து விற்றார். வியாபாரம் எப்படிப் போகிறது என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. அந்தப் பக்கமாகப் போனால் வேகமாகச் சைக்கிள் மிதிப்போம். ஆனால் அவர் வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகள், எல்லோரும் கன்னம் புடைத்த பிள்ளைகள். ஒன்றுக்கும் ஒரு நோய் நொடி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. சாவுக்கு வேலை செய்கிறவன் வீட்டை அது தொடாதோ என்று நினைத்தேன். தன் ஆளென்று விட்டுவிடுமோ?

இது மன்னார் அண்ணையின் ஹொல்ஸ்டெப்ரோ ஆளைப் போலத்தான் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. ஓர் ஆளை வைத்து ஒரு சட்டம். அந்தப் பெட்டிக்காரர் வீட்டில் பிறகு என்ன நடந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். எதிலாவது பயப்படாமல் முடிவெடுக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எந்தப் பயத்தோடு போவது என்று தெரிவு செய்யத்தான் முடிந்தது.

காலையில் நான் சப்பாத்துப் போட, மன்னார் அண்ணை குசினி வாசலில் வந்து நின்றார். எங்கே என்று கேட்கவில்லை. வெளிக்கிடுகிறவனிடம் அப்படிக் கேட்கக்கூடாது. கையில் ஒரு சின்னப் போத்தல். ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த கோயில் தண்ணீர். அதில் விரலளவுதான் மிச்சம் இருந்தது. மனைவி வரும் நாளில் வாசலில் தெளிக்க வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தார். மூடியில் கொஞ்சம் ஊற்றி என் ஜக்கெற்றில் தெளித்தார்.

"ஆரும் கேட்டா மரவேலை எண்டு சொல்லு," என்றார்.

"ஓம் அண்ணை. போட்டு வாறன்."

பட்டறைக்குள் வலது காலை வைத்து நுழைந்தேன். பச்சை மரத்தின் வாசம், பெயின்ற் வாசம். வேறு எந்த வாசமும் இல்லை. முதலாளி என்னைக் கண்டு ஆச்சரியப்பட்டதாகக் காட்டவில்லை. ஒரு மேசையைக் காட்டினார், துணிக் கட்டைக் காட்டினார், துணியை மரத்தோடு பிடித்துக் கம்பி அடிக்கிற கருவியைக் காட்டினார். பிறகு யன்னலடிக்குப் போய், சின்னப் பெட்டிகளில் ஒன்றைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார்.

"முதலில் இதில் பழகு," என்றார். "பிழைத்தால் துணி கொஞ்சம்தான் வீணாகும்."

நியாயமான காரணம். யாரும் அப்படித்தான் பழக்குவார்கள்.   என்னை அறியாமல் பெட்டியின் நீளத்தைக் கண்ணால் அளந்தேன். பிறகுதான் தெரிந்தது, எதோடு ஒப்பிட்டு அளப்பதென்று எனக்குத் தெரியாது. விட்டு வரும்போது மகள் என் முழங்கைக்குள் அடங்குவாள். இப்போது எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று எந்தக் கசெற்றிலும் இல்லை. தெரியாமல் இருந்தது அன்றைக்கு உதவியது.

துணியை விரித்தேன். வழுக்குகிற துணி, ஒரு முனையை இழுத்தால் மறு முனை மேசையிலிருந்து விழுந்தது. முதலாளி அறுக்கிற இயந்திரத்தடியில், தம்பி பெயின்ற் அடிக்கிற இடத்தில். நான் இங்கே. எண்ணிப் பார்த்தேன். நாங்கள் மூன்று பேர்.

பைக்குள் கையை விட்டுக் கல்லை எடுத்து, விழுந்துகொண்டிருந்த துணி முனையில் வைத்தேன். துணி நின்றது. முதலாளி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.  கிட்ட வந்து, அதை விரலால் ஓர் அங்குலம் தள்ளி, துணி இன்னும் நேராக நிற்கும்படி வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

முதல் கம்பியைத் தலைமாட்டுப் பக்கத்தில் அடித்தேன்.